மூலைக்கொடிக்கும் கம்பத்துக்கும் நடுவே

திங்கட்கிழமை காலை சவரத்துக்குப் போன மைதானக்காரர், கன்னம் நிறைய நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்த டிவியில் தன் முகத்தைப் பார்த்தார். நனைந்த தொப்பி, சுண்ணாம்பு தெறித்த சட்டை, கோபத்தில் துடிக்கிற மீசை. டிவியில் இருந்தவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"அது காசுக்குத் தூக்கின கொடிங்க!"

கீழே கொட்டை எழுத்தில் ஓடியது: மருமகனைச் சாடும் மாமனார்.

"ஆடாதீங்க, கத்தி கையில இருக்கு," என்றார் சலூன்காரர்.

"நான் இதையா சொன்னேன்? கால் மணி நேரம் பேசினேன்யா! பணமூட்டைங்களைப் பத்திச் சொன்னேன். நடுவருங்களைப் பத்திச் சொன்னேன். இந்த டிவிக்காரனுங்களைப் பத்தியே மூஞ்சிக்கு நேரா சொன்னேன். எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிட்டு இது ஒண்ணை மட்டும் வச்சிக்கிட்டானுங்களே!"

"வெட்டினது அவங்க. சொன்னது நீங்கதானே?"

காத்திருந்த இரண்டு பேரும் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். சலூன்காரர், சனிக்கிழமை ஊருக்கு வந்து ஜெயித்துப் போன பெரிய கிளப்பின் ரசிகர். கடைச் சுவரில் அவர்களுடைய படம்தான் தொங்கும். மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் வாயைக் கிளறியிருப்பார். அன்று அவரும் பேசாமல் கத்தியைத் தீட்டினார். அதுதான் மைதானக்காரருக்குப் பயமாக இருந்தது.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊருக்குள் இருந்த சின்ன அணியின் மைதானத்தை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர். புல் வெட்டுவது, பள்ளம் அடைப்பது, வலை தைப்பது எல்லாம் அவர் வேலைதான். ஆனால் அவர் வேலை என்று மனசுக்குள் வைத்திருந்தது கோடு போடுவதை மட்டும்தான். விடியற்காலையில் வாளியில் சுண்ணாம்பைக் கரைப்பார். வண்டியின் வாய் அடைத்துக்கொள்ளக் கூடாது என்று பழைய வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டுவார். மைதானத்தின் நாலு மூலையிலும் மண்ணுக்குள் இரும்பு முளைகள் புதைந்திருக்கும். அவற்றுக்கு நடுவே கயிறு கட்டி, கயிற்றை ஒட்டி ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளுவார். போட்டு முடித்ததும் மூலைக்கொடிக்குப் பின்னால் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்ப்பார். கோணல் இருந்தால் அந்தக் கண்ணுக்குத் தப்பாது.

கால்பந்து பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயங்கள் ஊரறிந்தவை. பணக்கார கிளப்புகளுக்கு அவர் வைத்த பெயர் பணமூட்டை.

"நம்ம பசங்க நல்லா ஆடினா வாங்கிட்டுப் போவான். வாங்கி என்ன செய்வான்? ஆட விடுவானா? ஓரத்துல பெஞ்சுல உக்கார வைப்பான். அவனுக்கு ஆட்டக்காரன் வேணும்னு வாங்கலை. நமக்கு இருக்கக் கூடாதுன்னு வாங்கறான்."

நடுவர்கள் என்றால் இன்னும் சூடாகிவிடுவார். "நம்ம பையன் கேட்டா மஞ்சக் கார்டு. அவங்க கேப்டன் கேட்டா தோள்ல கை போட்டு விளக்கம். கூடுதல் நேரம் எவ்வளவு தெரியுமா? பணமூட்டை கோல் போடற வரைக்கும்!" டிவியைப் பற்றியும் ஒரு கணக்கு வைத்திருந்தார். "அவங்க கோச் சூயிங்கம் மெல்றதைப் பன்னெண்டு தரம் காட்டினான். நம்ம பையன் போட்ட கோலை ஒரே ஒரு தரம். அவங்க ஆட்டக்காரன் வளர்க்கற நாய் பேரெல்லாம் தெரியுது வர்ணனைக்காரனுக்கு. நம்ம கோலி பேரைத் தப்பாச் சொல்றான்!"

இதையெல்லாம் சிரிக்காமல் கேட்கிற ஒரே ஆள் அவருடைய மாப்பிள்ளை. வார நாட்களில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். சனிக்கிழமைகளில் கையில் கொடியோடு மைதான ஓரத்தில் ஓடுகிற லைன்ஸ்மேன். பதினோரு வருஷம் சின்னச் சின்ன மைதானங்களில் ஓடிச் சம்பாதித்த பேட்ஜ் ஒன்று அவர் சட்டையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமனாரும் மருமகனும் டிவி முன்னால் உட்கார்ந்தால், மகளும் மனைவியும் அடுப்படியிலேயே இருந்துகொள்வார்கள்.

"அது ஆப்சைடா மாப்பிள்ளை?"

"ஆப்சைடுதான் மாமா. தோள் முன்னால இருக்கு பாருங்க."

"நீங்களும் பணமூட்டை பக்கமா?"

"தோளுக்கு எந்தப் பக்கமும் கிடையாது மாமா."

இந்த மனுஷனைத்தான் அவர் டிவியில் அப்படிச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை நடந்தது இதுதான். கோப்பைப் போட்டியில் பெரிய கிளப்பே இவர்களுடைய சின்ன மைதானத்துக்கு வந்தது. ஊரே திரண்டது. மூன்று நாளாக விடாத மழை. வரவேண்டிய லைன்ஸ்மேன் ஒருவர் வெள்ளத்தில் வழியில் மாட்டிக்கொள்ள, பக்கத்திலிருந்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். மைதானத்தில் தன் மாமனார் வேலை செய்கிறார் என்று அவர் முன்னாலேயே சொன்னார். இரண்டு கிளப்புமே பரவாயில்லை என்றன.

ஆட்டத்துக்கு முன்னால் கோடுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது லைன்ஸ்மேனின் வேலை. மாப்பிள்ளை குடையோடு மூன்று பக்கம் நடந்து பார்த்தார். நாலாவது பக்கத்துக்குத் திரும்பும்போது மைதானக்காரர் குறுக்கே வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, என் கோட்டையே அளக்கறீங்களா? நீங்க பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்து போடறேன்."

"அதுக்கில்லை மாமா..." என்று சிரித்தவர், அங்கேயே நின்று, திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

எழுபதாவது நிமிஷம். நம் அணிப் பையன் ஒருவன் பந்தைத் தள்ளிக்கொண்டு மூலைவரை ஓடினான். கோல் கோட்டின் மேலேயே, கொடிக்குப் பக்கத்திலிருந்து பந்தை உள்ளே தூக்கி அடித்தான். இன்னொருவன் தலையால் முட்டினான். வலை குலுங்கியது. ஊரே எழுந்து குதித்தது. ஆனால் மாப்பிள்ளையின் கொடி உயர்ந்திருந்தது. தூக்கி அடிப்பதற்கு முன்பே பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டிவிட்டது என்பது அவர் சொன்ன தீர்ப்பு. கோல் இல்லை. கடைசி நிமிஷத்தில் பெரிய கிளப் ஒரு கோல் போட்டு ஜெயித்தது.

அன்று ராத்திரி டிவியில், சேற்றில் கோடு சரியாகத் தெரியாததால், கோல் கம்பத்திலிருந்து மூலைக்கொடிவரை அவர்களே திரையில் ஒரு சிவப்புக் கோடு இழுத்துக் காட்டினார்கள். பந்து உள்ளேதான் இருந்தது. அதற்கு முன்பே, ஆட்டம் முடிந்த கொதிப்பில், முன்னால் நீட்டிய மைக்கில் மைதானக்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருந்தார். மாப்பிள்ளை காசு வாங்குவார் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. கோபம் ஒரு வார்த்தையைத் தேடியது, அது வாய்க்கு வந்தது, அவ்வளவுதான். நாம் எல்லோருமே ஏதோ ஒரு நாள் அப்படி ஒன்றைப் பேசியிருக்கிறோம். நம் முன்னால் மைக் இல்லாமல் போனது கடவுள் நமக்குச் செய்த தயவு.

அந்த வாரம் மகள் போன் எடுக்கவில்லை. மைதானக்காரரின் மனைவி தினமும் சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். புதன்கிழமைதான் வாய் திறந்தாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு மாப்பிள்ளையை நடுவர் சங்கத்துல விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எனக்கே தெரியுது. மீட்டர் பாக்கப் போன வீட்டுல, 'எவ்வளவு வாங்கினே'ன்னு ஒருத்தன் கேட்டிருக்கான்."

"நான் வேணும்னா சொன்னேன்?"

"வேணும்னு சொல்லலை. வேண்டாம்னு நிறுத்தவும் இல்லையே."

அவள் விளக்குக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றாள். என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை வெயில் அடித்தது. சனிக்கிழமை அடுத்த ஆட்டம். மைதானக்காரர் சுண்ணாம்பு கரைத்து, வடிகட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு மூலைக்குப் போனார். தேங்கியிருந்த தண்ணீர் வற்றி, மூலை காய்ந்திருந்தது. குனிந்து இரும்பு முளையைத் தேடினார். முளை, மண்ணோடு மண்ணாக, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. அதற்கு ஒரு சாணுக்கும் மேலே உள்ளே தள்ளி, ஒரு மரக்குச்சி நட்டிருந்தது. அவர் நட்ட குச்சி.

எழுந்து மூலைக்கொடிக்குப் பின்னால் போனார். ஒரு கண்ணை மூடினார்.

வருஷக்கணக்காகச் சுண்ணாம்பு தின்று புல் வெந்துபோன பழைய தடம், கம்பத்திலிருந்து நேராகக் கொடிக்கு வந்தது. போன சனிக்கிழமை போட்ட வெள்ளைக் கோடு அதே கம்பத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விலகி, மரக்குச்சியில் வந்து முடிந்திருந்தது. அந்த இடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு பந்து தாராளமாகக் கிடக்கலாம்.

அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்று மூலையெல்லாம் ஒரே சேறு. கொடி இன்னும் நடவில்லை; அதைப் பிறகு பையன்கள் அதன் பழைய குழியில் நட்டார்கள். முளையும் தெரியவில்லை. காலால் துழாவி, இங்கேதான் இருக்கும் என்று ஒரு குச்சியை நட்டு, கோல் கம்பத்திலிருந்து கயிற்றை இழுத்துக் கட்டினார். அது பழக்கம்தான். பின்னால் நின்று ஒருதரம் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும், மாற்றிக் கட்டிவிடலாம். அந்த நேரம் பார்த்து வெளியே ஹாரன் கேட்டது. பெரிய கிளப்பின் பேருந்து. கறுப்புக் கண்ணாடி போட்ட, இரண்டு வீடு நீளப் பேருந்து. வாசலில் ஜனங்கள் கத்தினார்கள். அவர் அவசர அவசரமாக வண்டியைத் தள்ளிக் கோட்டை முடித்துவிட்டு, வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். கூட்டத்துக்குள் முண்டி, எம்பி எம்பிப் பார்த்தார். பணமூட்டை என்று ஆயுள் முழுக்கத் திட்டியவர், அவர்கள் இறங்கும்போது வாய் பிளந்து நின்றார். அந்த வெட்கத்தில், பேருந்தைப் பார்க்கப் போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

பின்னால் நின்று பார்க்கவேயில்லை.

அப்படியானால் மாப்பிள்ளை பார்த்தது சரி. வெள்ளைக் கோட்டை வைத்துத்தானே அவர் பார்க்க முடியும்? அந்தக் கோட்டைப் பந்து முழுசாகத் தாண்டியிருந்தது.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மகள் வீட்டுக்கு நடந்தார்.

கதவைத் திறந்த மகள் வழிவிடவில்லை.

"டிவிக்காரங்க யாரும் இங்க இல்லையேப்பா. யாரைத் தேடி வந்தீங்க?"

"அம்மாடி, கோடு... கோடு என் தப்பும்மா. மூலையில ஒரு சாண் உள்ள போயிருக்கு. அவர் கண்ணுல தப்பே இல்லை."

மகள் ஆச்சரியப்படவில்லை. கதவைப் பிடித்திருந்த கை மட்டும் தளர்ந்தது.

"தெரியும்பா."

"தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடியே மைதானத்துக்குப் போயிட்டு வந்தார். செருப்பெல்லாம் சுண்ணாம்பு. என்னன்னு கேட்டேன். ரொம்ப நேரம் சொல்லலை. அப்புறம் சொன்னார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியமும் வாங்கிட்டார்."

"ஏம்மா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"'மாமாவுக்கு அந்தக் கோட்டைத் தவிர என்ன இருக்கு? அது கோணல்னு ஊருக்கு முன்னால நான் எப்படிச் சொல்றது?'ன்னார். நீங்க டிவியில அவரைக் காசு வாங்கினவர்னு சொன்னதை அஞ்சாவது தரமாப் பாத்துக்கிட்டே இதைச் சொன்னார்ப்பா. கோபமே வராதா உங்களுக்குன்னு கத்தினேன். 'வந்துச்சு, போயிடுச்சு'ங்கறார்."

மைதானக்காரர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மகள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவ்வளவு கோபத்திலும் வெயிலில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க அவள் மறக்கவில்லை. குடித்துவிட்டு எழுந்தார்.

"ஆபீஸ் எங்கம்மா?"

நடுவர் சங்கத்தின் ஆபீஸ் ஒரு காகிதக் கடைக்கு மேலே இருந்தது. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றபோது, தாழ்வாரத்துப் பெஞ்சில் மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தார். கறுப்புச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். மார்பில் பேட்ஜ். மாமனாரைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்து நின்றார்.

அப்படி எழுந்து நின்றதைத்தான் மைதானக்காரரால் தாங்க முடியவில்லை.

"உக்காருங்க மாப்பிள்ளை. நான் மூலையைப் பாத்துட்டேன்."

மாப்பிள்ளை அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "மழை மாமா. யாருக்கும் நடக்கும்."

"மழை இல்லை. பஸ் பாக்க ஓடினேன்."

"எந்த பஸ்?"

"பணமூட்டை பஸ்தான்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "நீங்களா மாமா?"

"சிரிங்க. நல்லாச் சிரிங்க. நான் உள்ள போய் எல்லாத்தையும் சொல்லப் போறேன்."

சிரிப்பு நின்றது. "வேண்டாம் மாமா. உங்க வேலை போயிடும். கண் தவறிப் போச்சுன்னு நானே எழுதிக் கொடுத்துட்டேன். விட்டுடுங்க."

"நான் பேசினது தப்பு. அதை விடச் சொல்றீங்களா?"

"நீங்க கோபத்துல பேசினீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

மைதானக்காரர் கதவைத் தள்ளினார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஒரு காலத்தில் நல்ல நடுவர் என்று பெயர் வாங்கியவர். மைதானக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முளை, குச்சி, பேருந்து, ஒன்றையும் மறைக்கவில்லை. வாசலில் வந்து நின்ற மாப்பிள்ளை இரண்டு தரம் "ஐயா" என்று குறுக்கிட்டார். தலைவர் கையமர்த்தினார். எல்லாம் கேட்ட பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொன்னது பெரிய விஷயம். இவர் காசு வாங்கலை, கண்ணும் தப்பலை. அதை எழுதி எல்லா கிளப்புக்கும் அனுப்பறோம். ஆனா..."

அவர் ஒரு காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"நாலு பக்கமும் பாத்தேன்னு இதுல இவர் கையெழுத்துப் போட்டிருக்கார். நீங்க இப்போ சொன்னதைக் கேட்டா, இவர் நாலாவது பக்கத்தைப் பாக்கலைன்னு ஆகுது. கண் தவறினதுன்னா நாலு ஆட்டம் தடை, அதோட சரி. பாக்காம கையெழுத்துப் போட்டா ரெண்டு வருஷம். அது விதி. நான் மாத்த முடியாது."

"ரெண்டு வருஷம் கழிச்சு வரலாமில்லையா?"

தலைவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"நாப்பது தாண்டினா, இழந்த பேட்ஜைத் திரும்பக் கொடுக்கறது இல்லை. இவருக்கு முப்பத்தொம்பது."

மைதானக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அவர் பாக்கத்தான் வந்தார். நான்தான் குறுக்க நின்னேன். மாமனார் முகத்துக்கு நேரா எப்படிப் பாப்பார்?"

"நானா இருந்தாலும் பாத்திருக்க மாட்டேன்," என்றார் தலைவர் மெதுவாக. "அதனாலதான் இதை எழுத எனக்குக் கஷ்டமா இருக்கு."

உத்தரவு எழுதும்வரை வெளியே இருக்கச் சொன்னார்கள். மைதானக்காரர் சட்டைப்பையில் துழாவி, டிவி நிருபர் அன்று கொடுத்த அட்டையை எடுத்து, அந்த நம்பருக்குப் போன் போட்டார்.

"தம்பி, என் மருமகன் மேல தப்பில்லை. கோடு என் தப்பு. கேமராவைக் கொண்டு வாங்க, அதே இடத்துல நின்னு சொல்றேன்."

"ஐயா, அது போன வாரத்து விஷயம். நாங்க இப்போ அரையிறுதில இருக்கோம். பெரிய கிளப் கேப்டனுக்குக் கால்ல சதை பிடிச்சிருக்கு, அது போயிட்டிருக்கு."

"ஒரே ஒரு நிமிஷம் தம்பி..."

"வெச்சிடறேங்க."

மாப்பிள்ளைக்கு எல்லாம் கேட்டிருந்தது. "விடுங்க மாமா," என்றார்.

"ஏன் மாப்பிள்ளை சொல்லலை? நான் உள்ள போனா பேட்ஜ் போயிடும்னு உங்களுக்குத் தெரியும். வெளியில வச்சே அதைச் சொல்லி என்னைத் தடுத்திருக்கலாமே?"

"அதைச் சொன்னா என் பேட்ஜுக்காகத் தடுக்கற மாதிரி ஆயிடும். அதோட மாமா, காசு வாங்கினவன்ங்கற பேரோட அவகூட ஒரே வீட்டுல இருக்கறது கஷ்டமா இருந்துச்சு. அவ அதை நம்பலை. ஆனாலும் கஷ்டமா இருந்துச்சு. இப்போ நிம்மதியாப் போவேன்."

ஆபீஸ் வேலை பார்க்கிற பெண் காகிதத்தோடு வெளியே வந்தாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு தயங்கி நின்றாள்.

"பேட்ஜை... நாளைக்குக்கூடக் கொண்டு வந்து கொடுக்கலாம்னு தலைவர் சொல்றார்."

"வேண்டாம்மா. இப்பவே கொடுத்துடறேன்," என்றார் மாப்பிள்ளை. "வீட்டுல இதைப் பிரிச்சா அவ பாத்துடுவா."

மார்பருகே விரலைக் கொண்டுபோய் ஓரத்தை நெம்பினார். தையல் அசையவில்லை. மறுபடி நெம்பினார். அந்தப் பெண் உள்ளே போய், சின்னக் கத்திரிக்கோல் ஒன்றைக் கொண்டுவந்து பெஞ்சு மேல் வைத்துவிட்டு, அவர்கள் பக்கம் திரும்பாமல் போனாள்.

மைதானக்காரர் கத்திரிக்கோலை எடுத்தார். மாப்பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, சட்டையை இடது கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டார். மகள் இரட்டை நூல் போட்டு நெருக்கி நெருக்கித் தைத்திருந்தாள், ஓடுகிறபோது கழன்று விழுந்துவிடக் கூடாதே என்று. முதல் தையலுக்குள் கத்திரி முனை நுழையவே நேரமாயிற்று.

"சட்டை கிழியாம மாமா."

"கிழியாது."

ஒவ்வொரு நூலாக வெட்டினார். வெட்டிய நூலை இழுத்துத் தன் உள்ளங்கையில் போட்டுக்கொண்டார். கண் கலங்கி நூல் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். அவர் தலைக்கு மேலே மாப்பிள்ளையின் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே காகிதக் கடைக்காரர் யாருக்கோ விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா மாமா?"

"இன்னும் ஒரு பக்கம் இருக்கு மாப்பிள்ளை. அசையாதீங்க."